வாயுத் தொல்லை என்றார்கள்

மார்ச் 4
தூக்கியது மாவு மூட்டைகூட இல்லை, வெறும் ரொட்டித் தட்டு. கீழே அடுப்பறையிலிருந்து மேலே எங்கள் ரொட்டிக் கடைக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, நடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் எடுத்த இதய ஸ்கேனைப் பற்றித் தங்கச்சியிடம் மறுபடியும் கேட்டேன். அவள் அந்த மருத்துவமனையிலேயே நர்ஸ். அன்று அவளும் என் வீட்டுக்காரரும்தான் உள்ளே போய் டாக்டரிடம் பேசினார்கள். என்னை வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

"வாயுத் தொல்லைதான்க்கா. வேளாவேளைக்குச் சாப்பிடு, போதும்."

சரி. அவளுக்குத் தெரியாததா?

மார்ச் 10
தட்டுகளை எல்லாம் இவரே தூக்குகிறார். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத மனுஷன்! இருமிக்கொண்டே தூக்குகிறார். கேட்டால், "சும்மா இரேன்" என்கிறார். என்ன திடீர்ப் பாசம்?

மார்ச் 19
அடுப்புக்கு முன்னால் மயங்கி விழுந்தேன்.

மார்ச் 20
மருத்துவமனைக் கட்டிலில் எழுதுகிறேன். காலையில் வந்த டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே கடிந்துகொண்டார்.

"வால்வு சுருங்கியிருக்கு, இன்னொரு டெஸ்ட் பண்ணணும்னு போன மாசமே சொன்னோமே. ஏன்மா வரல?"

எந்த வால்வு? யாரிடம் சொன்னீர்கள்?

"உங்க தங்கச்சிகிட்ட. வீட்டுக்காரரும் கூட இருந்தாரே."

பிறகு நிதானமாக விளக்கினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசல் அது. என்னுடையது மிகவும் குறுகியிருக்கிறதாம். ஆனால் அங்கே அழுத்தம் குறைவாக இருந்ததால், 'மிதமானது' என்று தோன்றியிருக்கிறது. "உங்க இதயம் பலவீனமா இருக்கு. கொஞ்சமாத்தான் ரத்தத்தைத் தள்ளுது. கூட்டமே இல்லாட்டி, குறுகல் வாசல்லகூட நெரிசல் தெரியாதுல்ல? அதான் இதயத்தை வேகமாத் தள்ளவைக்கிற மருந்து ஏத்திப் பார்க்கணும்னோம்."

எனக்குப் புரிந்தது. என் நெஞ்சு, கடைசியாகத் தெரிந்தது எனக்குத்தான்.

மார்ச் 21
இரண்டு பேரும் வந்தார்கள். கேட்டேன்.

"டாக்டரே மிதமானதுன்னுதானே சொன்னார்?" என்றார் இவர். தரையைப் பார்த்துக்கொண்டு.

"நீ பயந்துடுவேன்னுதான்க்கா... மாமாவும் வேணாம்னார்."

பயந்தா என்ன? பயப்படவாவது விட்டிருக்கலாமில்ல? நான் என்ன பச்சக் குழந்தையா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, தினமும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். வெளியாள் செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டாளே. போங்க ரெண்டு பேரும் என்றேன். போய்விட்டார்கள்.

மார்ச் 24
மருந்து ஏற்றும் டெஸ்ட். நெஞ்சு படபடவென்று அடித்தது. திரையில் டாக்டரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். இதயம் வேகமாகத் தள்ளியதும் அழுத்தம் ஏறிவிட்டது, வாசல் மட்டும் விரியவேயில்லை. மிதமானது இல்லை, கடுமையானதுதான்.

தங்கச்சி கதவருகே நின்றாள். "என்கிட்ட மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்றேன். அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். உட்காரட்டும்.

ஏப்ரல் 2
தொடை ரத்தக்குழாய் வழியாகப் புது வால்வு வைக்கப்போகிறார்கள். ஆபத்து எது, பலன் எது, எல்லாம் நானே கேட்டுக்கொண்டேன். பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. ஆனால் இது என் பயம்.

ஏப்ரல் 9
வைத்தாயிற்று. கண் விழித்தபோது தங்கச்சி என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மே 17
படியில் நிற்காமல் ஏறினேன். இவர் கீழேயே நின்று இருமிக்கொண்டிருந்தார். நாளைக்கே போய் எக்ஸ்ரே எடுங்க என்று கத்தினேன்.

மே 20
மதியம் தங்கச்சியின் போன். குரலே சரியில்லை.

"அக்கா, மாமா எக்ஸ்ரேல ஏதோ புள்ளி தெரியுதாம். இன்னும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கணுமாம். இப்பச் சொல்ல வேணாம்க்கா. பயந்துடுவார்."

இவர் கல்லாவில் உட்கார்ந்து யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், 'சரிடி, சொல்லல' என்று வாய்வரை வந்துவிட்டது. கடவுளே, எவ்வளவு சுலபமாக வருகிறது!

போனை வைக்காமல், வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தேன். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து இவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனை இவர் கையில் கொடுத்தேன்.

"உங்களுக்குத்தான்" என்றேன்.