ஆம் பக்கத்தில் உன் பெயர்

குளிருக்குப் போடலாம் என்று இன்று காலை பல வருடமாகப் பெட்டியடியில் கிடந்த சாம்பல்நிற ஸ்வெட்டரை எடுத்தேன். பையில் கைவிட்டால் நாலாய் மடித்த ஒரு தாள். பிரிக்காமலே என்னவென்று தெரிந்துவிட்டது. இடப்பக்கம் ‘ஆம்’, வலப்பக்கம் ‘இல்லை’, நடுவில் அளவுகோல் வைத்து நான் போட்ட கோடு. ஆம் பக்கத்தில் கடைசிப் பெயர் உன்னுடையது. அதன் அடியில், சந்தோஷத்தில், இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிரே தேயிலைச் சரிவில் பனி இன்னும் விலகவில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் என் வாயால் முழுதாக ஒரு தடவையும் உன்னிடம் சொன்னதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நீ நம் மலைத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். நான் அதே கட்சியில் ஓட்டுக் கணக்குப் பார்க்கிற ஆள். கட்சி இரண்டாகப் பிளந்து கிடந்தது. சபாநாயகர் பதவிக்குத் தலைமை ஒருவரை நிறுத்த, எங்கள் அணி இன்னொருவரை நிறுத்தியது. எங்களுக்கு ஆள் போதாது. எதிர்க்கட்சியோடு ரகசியமாகப் பேசினோம். அவர்கள் ஓட்டு மொத்தமும் எங்கள் ஆளுக்கு. பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றுதான்: தோட்டத்து வரிசைவீடான லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்குச் சொந்த வீடு தரும் மசோதாவைக் கிடப்பில் போட வேண்டும். எங்கள் அணித்தலைவர் சரி என்றார். நானும் சரி என்றேன். லயத்தில் பிறந்தவன்தான் நானும். வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டியும் ஓர் ஓட்டு குறைந்தது. அதைக் கேட்கத்தான் கம்போங் ராஜாவில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி சரஸு சுடச்சுடத் தேயும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். வழக்கம்போல மூன்று வடை தின்றேன். மசோதா விஷயத்தைச் சொல்லி முடித்ததும் நீ வடைத் தட்டை என் பக்கம் நகர்த்தினாய்.

“பாக்கலாம்லா,” என்றாய். பிறகு உள்ளே திரும்பி, “சரஸு, இவனுக்கு இன்னொரு வட வை.”

நான் கீழே இறங்கி, காரில் உட்கார்ந்து, உன் பெயரை ஆம் பக்கத்தில் எழுதினேன்.

எனக்கு எப்படியடா மறந்தது? மழை பிடித்த நாள்களில் பள்ளிக்கூடம் போகும்போது தோட்டத்து லோரிக்காரரிடம், “அண்ணே, டவுனு வரைக்கும் ஏத்திக்கிறீங்களா?” என்று கேட்போமே. “பாக்கலாம் தம்பி,” என்பார். அந்த நிமிடமே நாம் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவோம். உன் அம்மா தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் ஒரு நாள் லீவு கேட்டு, ‘பாக்கலாம்’ என்ற பதிலோடு வந்து, மறுநாள் விடியக் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறவில்லையா? நம் தோட்டத்தில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லுகிற வழக்கமே கிடையாது. அதிலும் வீடு தேடி வந்து கைநனைத்தவனிடம் யார் சொல்லுவார்கள்? ஆனால் நான் அப்போது பத்து வருடமாகப் பெரிய ஊரில் அரசியல் பண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே ‘பார்க்கலாம்’ என்றால், இன்னும் கொஞ்சம் கேள், வந்துவிடுகிறேன் என்று அர்த்தம்.

சபையில் ஓட்டெடுப்பு நடந்தபோது எங்கள் ஆளை ஆதரிப்பவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நீ உன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். ஓர் ஓட்டில் தோற்றோம். மசோதா பிழைத்தது. நான் வெளியே வந்து பத்திரிகைக்காரர்கள் முன்னால், “கூட இருந்தே முதுகுல குத்திட்டான்,” என்றேன். போதாததற்குப் பட்டியலையும் காட்டினேன், உன் பெயரை விரலால் தொட்டு.

அந்த விரல்தான் உன்னை முடித்தது. ‘அவர்கள் பட்டியலில் பெயர் இருந்ததே’ என்று தலைமையும் உன்னை நம்பாமல் போனது. அடுத்த தேர்தலில் உனக்கு இடம் தரவில்லை. நீ யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. கம்போங் ராஜாவில் சாமந்தித் தோட்டம் போட்டாய். மூன்று வருடம் நானும் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை.

கடைசியில் ரிங்லெட் ஊர்த் தேக்கடையில் நீதான் வந்து என் எதிரே உட்கார்ந்தாய். ரெண்டு தே சொன்னாய். சட்டையில் பூமருந்து வாடை.

“டேய், அன்னிக்கு நீ கேட்டப்போ நான் என்னா சொன்னேன்?”

“பாக்கலாம்னு சொன்ன.”

“தெரியுதில்ல? அப்புறம் ஏன்லா எழுதுன?”

நீ சிரித்தாய், தே சிந்துகிற அளவுக்கு. “டவுனுக்குப் போயி தமிழ மறந்துட்டியே,” என்றாய். உன் பதவி போனதற்கு நீ எனக்குத் தந்த தண்டனை அந்த ஒரு கிண்டல்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “தே ஆறுது, குடி,” என்று தட்டிவிட்டாய். அதற்குப் பிறகு மாதம் தவறாமல் உன் வீட்டு வடை எனக்குக் கிடைத்தது.

போன மாதம் கடைசியாக வந்தபோது நீ கட்டிலில் இரண்டு கம்பளிக்குள் சுருங்கிக் கிடந்தாய். சரஸு அடுப்படியில் சத்தமில்லாமல் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். நான் பெரிய தைரியசாலி மாதிரி பேசினேன்.

“வர்ற வாரம் கார எடுத்துட்டு வர்றேன். நம்ம தோட்டத்துக்குப் போலாம். புது வீடெல்லாம் கட்டி சாவி குடுத்துட்டாங்க, நீ இன்னும் பாக்கல. போலாமா?”

எனக்கு விளங்குமா என்று பார்த்தாய் போல.

“பாக்கலாம்லா.”

இந்த முறை விளங்கியது. தலையை ஆட்டினேன். நீ கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாய், கிளம்பும்வரை விடவில்லை.

இப்போதும் கிளைக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க நான்தான் வீடு வீடாகப் போகிறேன். யாராவது ‘பாக்கலாம்’ என்றால் மறுபேச்சுப் பேசாமல் இல்லை பக்கத்தில் எழுதிக்கொண்டு, கொடுத்த தேயைக் குடித்துவிட்டு வருகிறேன். அந்த அளவுக்குத் தமிழ் திரும்பிவிட்டது.

உன்னிடம் மட்டும், விளங்கியும், மறுபடியும் தப்புச் செய்தேன். சொன்னபடி அடுத்த வாரம், முன்சீட்டில் தலையணையும் கம்பளியும் போட்டு, காரைக் கொண்டுவந்தேன். உன் வாசல் நிறையச் செருப்பு கிடந்தது.