ஜனாதிபதிக்கு உடம்பு சரியில்லை

ஒலரோய் ஆற்றுக் காவல்,
ஏப்ரல் 3

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உன் சுகத்தை வானொலி தினமும் சொல்கிறது. ஆனாலும் நீ உன் கையால் எழுதினால்தான் நம்புவேன்.

அக்கரையில் கிளர்ச்சிக்காரர்கள் மூட்டும் அடுப்புப் புகை தெரிகிறது. இக்கரையில் நாங்கள் முப்பது பேர். சைதோட்டி, பர்மெட், கோயன் மூவரும் என்னோடுதான். ஒரே பருவத்தில் சுன்னத்துக் கத்திக்கு நின்றவர்களில் எவனும் மற்றவன் இல்லாமல் தனியாகச் சோற்றை வாயில் வைக்கக் கூடாதல்லவா? கோயன் காவலில் பசியோடு நின்றான் என்று சைதோட்டி துப்பாக்கியைப் போட்டுவிட்டுச் சோற்றோடு ஓடினான். மேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

நீ முன்பு மாட்டு வைத்தியராக இருந்ததை வைத்து சைதோட்டி உன்னைக் கிண்டல் செய்கிறான்: "மாட்டுக்கு ஊசி போட்டவங்கடா நமக்குத் தளபதி! சொன்ன பேச்சு கேக்கலைன்னா கால்ல கயித்தக் கட்டிருவாங்க!"

எனக்காக எதுவும் செய்துவிடாதே அம்மா. இங்கே ஒருத்தனும் என்னை ஜனாதிபதி மகனாகப் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் செல்ல மகன்,
லெமாயன்

*

தலைநகர்,
ஏப்ரல் 11

என் கண்ணே லெமாயன்,

எனக்கு உடம்பு சரியில்லை. வயிற்றில் கட்டி இருக்கலாம் என்று வைத்தியர் சந்தேகப்படுகிறார். வெளியே தெரிந்தால் நாடாளுமன்றத்தில் கூச்சல் கிளம்பும், அதனால் மூடி வைத்திருக்கிறோம். உன் அப்பா போன பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்?

நாளைக்கே உணவு லாரியில் ஏறி வா. மேஜரிடம் பேசிவிட்டேன். தாமதிக்காதே, ராசா.

அம்மா

*

சைதோட்டியின் ஊர்,
ஏப்ரல் 19

அம்மா,

விடிவதற்குள் உன் மாளிகையை விட்டுக் கிளம்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று நான் லாரியில் ஏறும்போது மூன்று பேரும் ஒரு புட்டித் தேனைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். மரத்தில் ஏறி எடுத்ததில் தேனீ கொட்டி பர்மெட்டின் முகமெல்லாம் வீங்கியிருந்தது. "அம்மாவுக்குக் குடுடா. வயித்துக்கு நல்லது" என்றான். நான் வந்து பார்த்தால் நீ முற்றத்தில் நின்று மந்திரிகளை அதட்டிக்கொண்டிருந்தாய். மகனைப் பார்க்கும் ஆசையில் பொய் சொல்லியிருக்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்தேன் அம்மா! மறுநாள் கிளர்ச்சிக்காரர்கள் ஆற்றைக் கடந்தார்கள். காவலில் ஒருத்தனும் மிஞ்சவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்கு முன்பே தெரியுமா?

லெமாயன்

*

தலைநகர்,
ஏப்ரல் 22

மகனே,

தெரியும்.

படைத்தலைவர் என் அறைக்கு வந்து சொன்னார்: "அம்மா, அந்தக் காவல் தாங்காது. பின்னால வரச் சொல்லட்டுமா?" காவலில் இருப்பவர்கள் சில நாள் நின்றால் அதற்குப் பின்னால் இருக்கும் கெரிசோ ஊரைக் காலி செய்துவிடலாமா என்று கேட்டேன். செய்யலாம் என்றார். "அப்போ நிக்கட்டும்" என்றேன். அந்த ஊரின் பெண்களும் பிள்ளைகளும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். சீருடை போட்டவர்கள் இப்படி முடிவெடுக்கக் கூடாது, ஓட்டு வாங்கியவர்தான் எடுக்க வேண்டும் என்று நம் சட்டத்தில் எழுதியிருக்கிறது. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

கட்டளைக்காக நான் வெட்கப்படவில்லை. அந்தக் கடிதத்துக்காக வெட்கப்படுகிறேன். ஆனால் நீ எங்கோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்ததும் அந்த வெட்கமும் போய்விடுகிறது. என்னைத் திட்டு, அடி. வீட்டுக்கு மட்டும் வந்துவிடு.

அம்மா

*

சைதோட்டியின் ஊர்,
மே 2

ஜனாதிபதி அவர்களுக்கு,

சைதோட்டியின் அம்மா நாமெலோக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. மாட்டைக் கறந்துகொண்டே சொன்னாள்: "உங்கம்மா உன்னக் கூப்பிட்டுக்கிட்டா. தப்புன்னு சொல்லமாட்டேன். நானும் கூப்பிட்டிருப்பேன். எனக்குத்தான் யாரும் வந்து சொல்லலையே."

அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. அவளுக்கு மகனாக இருந்துவிடட்டுமா என்று கேட்டேன். அவள் கறந்துகொண்டே இருந்தாள். தொழுவத்து வேலிக்கு வெளியே படுத்திருக்கிறேன். கூட இருந்து சாப்பிட என் பருவத்துக்காரன் எவனும் இல்லை. மகனை இழந்தவள் ஒருத்தி தன் கையால் ஊட்டினால்தான் மிஞ்சியவன் மறுபடி சோற்றில் கை வைக்கலாம் என்ற நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதுவரை பால்தான்.

முப்படைகளுக்கும் தலைவி என்ற முறையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என்னைப் படையிலிருந்து விடுவியுங்கள். அம்மா என்ற முறையில் கேட்க எதுவும் இல்லை. இனிமேல் எழுதவும் மாட்டேன். இங்கே வராதீர்கள்.

லெமாயன்

*

தலைநகர்,
மே 9

லெமாயன்,

உன்னை விடுவித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உத்தரவை இதோடு வைத்திருக்கிறேன். நான் வரமாட்டேன்.

நாமெலோக் உன்னை உள்ளே கூப்பிடுவாள். கறக்கிற மடியை நடுவில் விடாதவள் மனதில் இரக்கம் இருக்கும். நான் நிறையத் தொழுவங்களைப் பார்த்தவள்.

கூப்பிட்டால் அவளிடம் ஒன்றைச் சொல்லிவிடு. மழை தொடங்கினால் உனக்குக் காய்ச்சல் வரும். வந்தால் வாய் திறந்து சொல்லமாட்டாய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாய். அப்படிப் படுத்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இது அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாசெரியான்