மேல் லயத்துப் பூட்டு

அன்பு மகள் நிமிக்கு அம்மா எழுதுவது. இங்கே மாதா புண்ணியத்தில் நான் எழுந்து நடமாடுகிறேன், அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகன் ஜிதினும் பிள்ளைகளும் நோய் நொடி அண்டாமல் இருக்க தினமும் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் முதல் வருஷ நினைவுச் செபத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டிருந்தாய். உன் அண்ணன் செபாஸ்டின், மதினி அமலோற்பவம், அவர்கள் மகள் சோனா, உன் அத்தை ஞானப்பூ, கோயில் உபதேசியார் சவரிமுத்து, அடுத்த வீட்டுச் சின்னமுத்து, அவன் பெண்சாதி, வாளையாரிலிருந்து லாரி டூட்டியை விட்டுவிட்டு வந்த சித்தப்பா மகன் சிஜு, அப்புறம் நான். அப்புறம் இன்னொருத்தி. நீ போனில் இங்கே நடந்ததை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, எல்லாரையும் மன்னித்துவிடும்மா என்று அழுதாய். போன் உன் மதினியுடையது, அவள் பக்கத்திலேயே நின்றாள், அதனால் ம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செபம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் பெரிய பானையில் ரோஸ் நிறத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது, வாயில் வைக்க முடியாத சூடு. எனக்கு முன்னால் ஞானப்பூவுக்கு இலை போட்டார்கள். என் புருஷனின் நினைவு நாளில் எனக்கு முன்னால் அவளுக்கு. அதனால் நான் சாப்பிடாமல் யாருக்கு என்ன வைக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது கொல்லை வாசலில் ஒருத்தி. நீலச் சேலை, முக்காடு, வயிறு தள்ளியிருந்தது. பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்து அந்தச் சுடுதண்ணீர்ப் பானைக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். ரோஸ் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஊற்றிவிட்டு அவளும் இரண்டு கையையும் குவித்து அதிலிருந்து குடித்தாள், எல்லாரும் இலையில் குனிந்திருந்தார்கள், யாரும் அவளுக்கு ஒரு டம்ளர் கொடுக்கவில்லை. கொடு என்று சோனாவிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஞானப்பூ இரண்டாம் தடவை கறி கேட்டாள், நான் அவள் பக்கம் திரும்பிவிட்டேன். மறுபடி பார்த்தால் வாசலில் பனிப்புகையாய் மஞ்சு மட்டும் நின்றது. அந்தத் தண்ணீரை எல்லாரும் குடித்தார்கள். நான் வழக்கம் போல பால் விடாத கட்டன் காப்பியோடு சரி.

ஒரு மாதம் போல ஆயிற்று. சோனாவுக்குக் காய்ச்சல், வாந்தி, அப்புறம் கண் மஞ்சள். அடுத்து ஞானப்பூ. அடுத்து உபதேசியார். மேலே எழுதியிருக்கிறேனே அந்தப் பெயர்கள், ஒவ்வொன்றாக யாரோ மஞ்சள் பூசிக்கொண்டே போன மாதிரி இருந்தது. உன் அண்ணனுக்கும் சின்னமுத்துவுக்கும் லேசாக வந்து சீக்கிரமே தெளிந்துவிட்டது. வாளையாரிலிருந்து சிஜு பேசினான், பெரியம்மா, கண்ணெல்லாம் மஞ்சளா கெடக்கு, மூத்திரம் கட்டன் சாயா மாதிரி போகுது என்றான். அடுத்தது நான்தான் என்று தினமும் கண்ணாடி முன்னால் நின்று இமையை இழுத்துப் பார்த்தேன். எனக்கு வரவில்லை. வராததால் லயத்து வரிசை வீடுகளில் என்னைப் பார்க்கிற பார்வையும் மாறிற்று, குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும்.

சப்சென்டரில் ஜின்சி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள், மலையாளத்துப் பிள்ளை, பாதி தமிழ் பேசுவாள். வீடு வீடாக வந்து யார் எங்கே சாப்பிட்டார்கள், என்ன குடித்தார்கள் என்று கேட்டாள். சிஜு ஒரே நாள் மாத்திரம் அல்லே இவிடே வந்தது, அப்போ எல்லாம் இந்த வீட்டு வெள்ளம், குடிச்ச தண்ணிதான் அம்மச்சி என்றாள். அமலோற்பவம் குதித்தாள், நான் கொதிக்கவச்சது எனக்குத் தெரியாதா என்று. அவள் சொன்னது பொய்யில்லை. நான்தான் கொல்லையில் வந்தவளைப் பற்றிச் சொன்னேன்.  உன் அண்ணன் சிரித்தான், எம்மா, யாரைச் சொல்றிய, அப்படி யாரும் வரலியே என்றான். வெளியே போய் ஜின்சியிடம், அப்பா போனதுலருந்து இப்படித்தான் சிஸ்டர், இல்லாத ஆளெல்லாம் அம்மா கண்ணுக்குத் தெரியுது, கோட்டயத்துல ஒரு டாக்டர்ட்ட காட்டணும் என்று சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் என் காதில் விழுந்தது.

ஞானப்பூ படுக்கையில் இருந்தபடியே, மதினி, நீலச் சேலையா, வயிறு தள்ளியா, அது ராக்கப்பன் மருமகள்லா என்றாள். உனக்கு ஞாபகம் இருக்கும், மழையில் மேல் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தபோது வயிற்றுப் பிள்ளையோடு மண்ணுக்குள்ளே போனவள். அன்றைக்கு அடைத்த லயம், அந்தப் பக்கம் கொழுந்தெடுக்கக்கூட யாரும் போவதில்லை. இந்தப் பேச்சு பரவியதும் அமலோற்பவம் கொல்லைக் கதவில் கரியால் சிலுவை போட்டாள். சின்னமுத்து பெண்சாதி எலுமிச்சம்பழம் கட்டினாள். எனக்கு அதைவிடப் பெரிய பயம். மஞ்சு இறங்கும்போதெல்லாம் மேலேயிருந்து ஒரு நெடி கூடவே இறங்கும், எண்ணெய் காய்கிற நெடி, தேங்காயெண்ணெயும் இல்லை நல்லெண்ணெயும் இல்லை, மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கும். ஆளில்லாத லயத்தில் யார் சமைப்பது. கல்யாணத்தன்று என் மாமியார் சொன்ன ஒரு சொல்லைக்கூட இன்றைக்கு வரை மறக்காத எனக்கு, என் கண்ணே பொய் சொல்கிறதோ, உன் அண்ணன் சொன்னது சரியோ என்று தோன்ற ஆரம்பித்தது.

ஜின்சி மறுபடி வந்தாள். அன்றைக்கு யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன், யார் எத்தனை டம்ளர், யார் பாயசம் வேண்டாம் என்றார்கள், ஞானப்பூவுக்கு எந்த எலும்பு போயிற்று, எல்லாம். அவள் போய் ஒவ்வொருவரிடமும் விசாரித்துவிட்டு வந்து, எல்லாம் சரியா சொன்ன அம்மச்சி ஒண்ணு மட்டும் எப்படி தப்பா சொல்லும் என்றாள். பிறகு அந்த நெடியைப் பற்றிச் சொன்னேன்.  அது கடுகெண்ணெய் அம்மச்சி, வடக்கேயுள்ளவங்க அதிலேயாக்கும் சமைக்கிறது, பேய்க்கு எதுக்கு அடுப்பு என்றாள். நிமி, நீயும் நர்ஸ்தான், ஆனால் அவள் சொன்னதை நீ எனக்குச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில வர்றவங்களைப் பார்த்தா போதும், எனக்கு வராதவங்களைத்தான் தேடிப் போகணும் என்றாள். அன்னைக்கு வெள்ளம் குடிச்ச ஒராள் இன்னும் பாக்கி, வயித்துல குழந்தை உள்ளவளுக்கு இந்த மஞ்ஞப்பித்தம் வந்தா ரெண்டு உயிரும் போகும் என்றாள்.

மத்தியானம் அவளும் நானும் சின்னமுத்துவும் ஏறினோம். உன் அண்ணன் அன்றைக்கு ஏலக்காட்டில் இருந்தான். பட்டப்பகலில் மஞ்சு கையை மறைத்தது. கவாத்து வெட்டாத தேயிலை ஆளுயரத்துக்கு மரமாகி நிற்கிறது, நடுவில் நடக்கும்போது இலை முகத்தில் தடவித் தடவிப் போகும். லயத்தில் எல்லாக் கதவும் பாசி பிடித்துத் திறந்து கிடந்தது, கடைசிக் கதவு மட்டும் வெளியே பூட்டியிருந்தது. ஜின்சி தட்டினாள். சத்தமில்லை. இன்னொரு தடவை தட்டினாள். உள்ளேயிருந்து அதே மாதிரி, மெதுவாக, தட்டல் வந்தது. சின்னமுத்து நாலடி பின்னால் போய்விட்டான். நான் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது கதவை இல்லை, பூட்டை. குமுளிச் சந்தையில் அப்பா வாங்கிய பித்தளைப் பூட்டு, அடியில் ஆணியால் அவரே தன் முதலெழுத்து சு என்று கீறியது, ஒரு மூலை நசுங்கியது. நம் வீட்டுப் பெட்டிப் பூட்டு. அதன் சாவி நம் வீட்டில் தேவமாதா படத்துக்குப் பின்னால் தொங்குவதை நான் தினமும் செபம் சொல்லும்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சின்னமுத்து கல்லால் உடைத்தான். அவள் கதவுக்குப் பின்னால் தரையில் கிடந்தாள், அதே நீலச் சேலை. கண் இரண்டும் அரைத்த மஞ்சள். நாங்கள் யாரென்று தெரியவில்லை, வேறு பாஷையில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து நீட்டினாள். செத்தவளைப் பார்த்திருந்தால்கூட எனக்கு அப்படி நடுங்கியிருக்காது.

ஆம்புலன்சில் கோட்டயம் கொண்டுபோனார்கள். சாயங்காலம் அவள் புருஷன் காட்டிலிருந்து வந்தான், ஜின்சி தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள். ஏலக்காட்டு வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து ஆள் கூட்டி வந்து, எஸ்டேட்டுக்கும் தெரியாமல் அடைத்த லயத்தில் தங்கவைத்தது உன் அண்ணன். நினைவு நாளில் பாத்திரம் கழுவ அவளைக் கொல்லை வழியாகக் கூப்பிட்டதும் அவன். பானை ஆறட்டும், பச்சைத் தண்ணீரை ஊற்று என்று சொன்னதும் அவன், அந்த ஓடைத் தண்ணீர்தான் இத்தனை பேரையும் படுக்கப்போட்டது. நர்ஸ் வீடு வீடாக வருகிறாள் என்றதும் மற்ற வேலையாட்களை ஜீப்பில் வேறு காட்டுக்கு ஏற்றிவிட்டான். இவளால் எழுந்திருக்க முடியவில்லை. அதனால் பூட்டு. காலையும் மாலையும் புருஷன் சாவி வாங்கித் திறந்து கஞ்சி வைத்துவிட்டு, பூட்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் கொல்லைப் பக்கம் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், காட்டு வேலைக் கணக்கு கேட்க வந்தவன் என்று உன் அண்ணன் சொன்னான்.

அவள் பிழைத்தாள். வயிற்றிலிருந்தது பிழைக்கவில்லை. ஒரு வாரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னதை ஜின்சி என்னிடம் மறைக்கவில்லை. ஊருக்குப் போகிற அன்று அவர்கள் சப்சென்டரில் இருந்தார்கள், நான் கொதித்து ஆறிய தண்ணீரும் அப்பாவின் சில்வர் டம்ளரும் கொண்டுபோனேன். நிறைத்துக் கொடுத்தேன். வாங்கினாள், கீழே வைத்தாள், வைத்துவிட்டு இரண்டு கையையும் குவித்தாள். டம்ளரை எடுத்து அவள் கையில் ஊற்றினேன். பெயர் கேட்டேன். புத்னி என்றாள். மேலே நான் எழுதிய பெயர்களோடு இதையும் சேர்த்துக்கொள், அன்றைக்கு இருந்தவள்.

உன் அண்ணன் என் காலில் விழுந்து, வெளிய தெரிஞ்சா எஸ்டேட் வேலை போயிரும்லாம்மா, பிள்ளைக்கு காலேஜ் பீஸ் கட்டணும்லா என்றான். வேலை போய்விட்டது, லேபர் ஆபீஸ்காரர்களும் வந்து போனார்கள். எனக்கு வலிப்பது அது இல்லை. நான் பெற்ற மகன் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் பரிமாறிய சோற்றைத் தின்றுகொண்டே, கதவுக்குப் பின்னால் ஒரு உயிர் கிடப்பது தெரிந்தும், எம்மா அப்படி யாரும் வரலியே என்று ஒவ்வொரு நாளும் சொன்னான். அதுதான். நான் இப்போது தனி அடுப்பு வைத்திருக்கிறேன், சோனா மட்டும் வந்து சாப்பிடுவாள், அவளுக்கு மஞ்சள் போய்க் கண் வெளுத்துவிட்டது.

நீ அங்கேயும் கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலக்காதே, கொஞ்சம் கலந்தாலும் முழுவதும் பச்சைத் தண்ணீர்தான் என்று ஜின்சி சொல்கிறாள். அவளுக்கு நல்ல குளிர்ச்சட்டை ஒன்று மறக்காமல் வாங்கி அனுப்பு, மலையேறும்போது நனைந்துவிடுகிறாள், இந்தக் கடிதத்தையும் அவள்தான் தபாலில் சேர்க்கிறாள். உன் வார்டில் யாரும் பெயர் கேட்காத ஆள் இருந்தால் நீ கேள். மாதா உன்னையும் பிள்ளைகளையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு, உன் அம்மா செபமாலையம்மாள். லயத்தில் எல்லாரும் என்னை மூத்தவன் பெயரைச் சொல்லி அவன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், இத்தனை வருஷமும் கடிதத்தில் நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன், இந்தத் தடவை போடவில்லை, பார்த்திருப்பாய். நீ எல்லாரையும் மன்னிக்கச் சொன்னாய். அமலோற்பவத்தை மன்னித்தாயிற்று, ஞானப்பூவைக்கூட, உன் கல்யாணத்தில் அவள் சொன்னதையும் அந்த எலும்பையும் சேர்த்து. பாக்கி ஒரே ஒருவன். செபாஸ்டின்.