அறுபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒருசந்தி

12-2-1947, புதன்

இல்லை, அப்பாவை மனத்தில் வைத்து எழுதவில்லை. யாரையுமே மனத்தில் வைக்கவில்லை. அதுதான் கட்டுரையின் குறை என்று இப்போது படுகிறது.

சென்னை வாரப் பத்திரிகையில் வந்துவிட்டது. 'டப்பாவுக்குள் தர்மம்.' புனைபெயர்தான். அமெரிக்காவிலிருந்து பால் பொடி வருகிறது. கொடுப்பவருக்கு வாங்குகிறவர் முகம் தெரியாது. வாங்குகிறவருக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. நடுவில் இருப்பவர் கொழுக்கிறார். 'ஓர் ஆற்றங்கரைக் கிராமத்தில் பொடி பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகாமல் வேறெங்கோ போகிறது.' எந்த ஆறு? தெரியாது. அந்த வாக்கியத்துக்குக் கொஞ்சம் ஈரம் தேவைப்பட்டது.

ஏலாக்குறிச்சிப் பால் பொடிக்கு நடுவில் இருப்பவர் அப்பா. மாதா கோவில் உபதேசியார் பிலவேந்திரன். அறுபத்திரண்டு பிள்ளைகள். காய்ச்சி ஊற்ற விறகு கிடைப்பதில்லை. சனிக்கிழமைதோறும் தாய்மாரிடம் பொடியாகவே அளந்து கொடுத்துவிடுகிறார். கொழுக்கவில்லை. சட்டை வருஷத்துக்கு வருஷம் தொளதொளக்கிறது.

கட்டுரையை அவரே உரக்கப் படித்தார். "யாரோ நல்லாப் படிச்ச பையன். நறுக்கு நறுக்குனு கேக்குறான் பாரு."

பையன்! தலையை ஆட்டிவைத்தேன்.

19-2-1947, விபூதிப் புதன்

தபசு காலம் தொடங்கிவிட்டது. என் வகுப்பில் நாற்பது சாம்பல் நெற்றிகள். என்னுடையதை வாசற்படியிலேயே துடைத்துக்கொண்டேன். அம்மா பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

6-3-1947, வியாழன்

அப்பாவுடன் அரியலூர் போனேன். திருமானூர் வரை வண்டி, அப்புறம் கரியில் ஓடும் பஸ். நிவாரணக் கமிட்டிக் கூட்டம். பேச்செல்லாம் என் கட்டுரைதான்.

வக்கீல் ஒருவர் கட்டுரையை உரக்கப் படித்துவிட்டு: "அடுத்த நாட்டான் போட்ட பிச்சைக்கே கணக்குக் காட்ட முடியலேன்னா, நாளைக்கு நாட்டை எப்படி ஆளப் போறோம்?" கைதட்டல்.

மளிகைக்கடை நல்லதம்பி: "அவன் கொடுத்தது பால் பொடிங்க. நீங்க கேக்குறது மாட்டோட ஜாதகம்." இதற்கும் கைதட்டல். தட்டியவை அதே கைகள்.

முடிவு: நேரில் சோதனை. முதலில் எந்த ஊர்? கட்டுரையில் 'ஆற்றங்கரைக் கிராமம்' என்று இருக்கிறதே. கொள்ளிடக் கரையில் பால் மையம் உள்ள ஊர் எங்களுடையது ஒன்றுதான்.

அப்பா எழுந்து, "தாராளமா வாங்கய்யா" என்றார். பெருமையாக.

ஈரம் தேவைப்பட்டதாம் எனக்கு.

13-3-1947, வியாழன்

கமிட்டி ஆள் தங்கசாமி வந்தார். குடை, பெரிய நோட்டு, சந்தேகம் மூன்றும் கொண்டுவந்திருந்தார். நேரே பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போனார். ஆசிரியை என்ற முறையில் நானும் கூடப் போனேன்.

முதல் வீடு மரிய புஷ்பத்துடையது. மூன்று பிள்ளைகள். அடுப்புக்கு மேலே உறி. உறியில் வாய் கட்டிய பானை. அவிழ்த்தார். பால் பொடி, கழுத்துவரை.

"என்னம்மா இது?"

"பாலுங்க."

"குடிக்கிற பாலை ஏன் கட்டித் தொங்க விட்டிருக்க?"

"தபசு காலமுங்க. பால், தயிர், நெய்யி தொட மாட்டோம். நாப்பது நாள் கழிச்சு, சாமி உசிர்த்த பாஸ்குத் திருநாளுக்குப் பாயசம் வெப்போம்."

"நீ தொடாத. புள்ளைங்க?"

"அதுங்களுந்தான் ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான்."

"அமெரிக்காக்காரன் பாயசத்துக்கா அனுப்புனான்?"

மரிய புஷ்பம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவுங்களும் வேதக்காரங்கதானேங்க. அவுங்களுக்குத் தெரியாதா?"

நாற்பத்தொரு வீடுகள். முப்பத்தேழு பானைகள். சிலவற்றில் எறும்பு. ஒன்றில் பொடி கல்லாக இறுகிக் கிடந்தது.

மூன்று வாரமாக இந்த ஊரில் அநேகமாக ஒரு பிள்ளையும் பால் குடிக்கவில்லை. என் வகுப்பில் இரண்டு குழந்தைகள் மயங்கி விழுந்தார்கள். வெயில் என்று நினைத்தேன். பால் எங்கே போகிறது என்று நாட்டைக் கேட்டவள், பக்கத்து வீட்டு உறியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தங்கசாமி அப்பாவிடம் சொன்னார்: "உபதேசியாரே, எங்க பக்கமும் விரதம் உண்டு. அதுக்காகப் பச்சப் புள்ளையைப் பட்டினி போடுறதில்ல. இதுக்குச் சட்டத்துல பேரு பதுக்கல். இருபத்திரண்டாம் தேதி திரும்ப வருவேன். புள்ளைங்க என் கண்ணு முன்னால குடிக்கணும். இல்லேன்னா மையம் சிறுவாச்சூருக்குப் போயிடும், உங்க பேரு தாசில்தாருக்குப் போயிடும்."

அப்பாவின் முகம். எழுதமாட்டேன்.

14-3-1947, வெள்ளி

"பானை இருக்குறது ஒங்களுக்குத் தெரியுமா?" என்று அப்பாவைக் கேட்டேன்.

"தெரியும்மா. பொட்டப்பிள்ளை, பச்சப்பிள்ளையெல்லாம் தபசு பண்ணுதேன்னு சந்தோஷப்பட்டேன். வயித்தை நெனைக்கல."

நானும்தான் நினைக்கவில்லை. அவருக்குச் சொர்க்கம் மறைத்தது. எனக்கு என் எழுத்து நடை.

16-3-1947, ஞாயிறு

பூசையில் சாமியார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: குழந்தைகளுக்கு ஒருசந்தி கிடையாது, பால் கொடுங்கள், பாவம் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியே வந்ததும் ஆட்டிய தலையை நிறுத்திவிட்டார்கள்.

நான் பேசிப் பார்த்தேன். புரதம், எலும்பு வளர்ச்சி. கல்லூரிக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கும்.

மரிய புஷ்பம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு: "டீச்சரம்மா, போன வருஷம் அக்கரையில வாந்திபேதி. தெருவுக்கு நாலு பொணம். இங்க ஒரு உசிரு போகல. எங்க பிள்ளைங்க வாயக் கட்டுனதாலதான் போகல. இப்பக் கட்டை அவுத்துட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சாமியாரா வந்து திருப்பித் தருவாரு?"

பரிசு அவளுக்கு.

"பதிலுக்கு யாராச்சும் இருந்தாச் சரி," என்றாள் ஒரு கிழவி. பிள்ளைகள் விட்ட தபசை இன்னொருவர் ஏற்றுக்கொண்டால் நேர்ச்சை முறியாதாம். ஒரு நாளைக்கு ஒரே சாப்பாடு, பால் வாடையே கூடாது, பாஸ்கு வரைக்கும்.

"யாரு இருக்கா? நாமதான் எல்லாரும் ஏற்கெனவே இருக்கமே," என்றாள் இன்னொருத்தி.

ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. என் பக்கம்.

"ஊருக்குள்ள ஒருசந்தி இல்லாத ஆளு ஒருத்தருதான்," என்றாள் மரிய புஷ்பம், மிகுந்த மரியாதையுடன். "காலையில காப்பி வாசம் எங்க வூடு வரைக்கும் வருதுங்க."

நம்பிக்கை இல்லாதவள் இருக்கும் விரதம் செல்லுமா என்று கேட்டேன்.

"வயிறு காஞ்சாச் செல்லும்."

சரி என்றேன். ஏன் சொன்னேன்? தெரியாது. அப்பாவுக்காக என்று இங்கே எழுதிக்கொள்கிறேன்.

இரவுச் சாப்பாட்டை அம்மா எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அப்பா அருகில் போய், "அந்தக் கட்டுரை நான் எழுதினது" என்றேன்.

"தெரியும்மா."

"எப்போதிருந்து?"

"அரியலூர்ல வக்கீல் படிச்சப்ப. நான் படிச்சப்ப ஒறைக்கல. 'வேறெங்கோ போகிறது'ன்னு வந்துச்சு. சின்னப் பிள்ளையில பென்சில் தொலைச்சாலும் நீ அப்படித்தான் சொல்லுவ, எங்கோ போச்சுன்னு." சிரித்தார். பிறகு சிரிக்காமல், "கேட்டது தப்பில்ல. யார் வூட்டுலன்னு பாத்துட்டுக் கேட்டிருக்கலாம்."

18-3-1947, செவ்வாய்

பானைகள் திரும்பி வந்தன. எறும்பு விழுந்ததைச் சலித்தோம், இறுகியதை மண்ணில் கொட்டினோம். ஒவ்வொரு பிள்ளையும் கையில் ஒரு லோட்டா, கக்கத்தில் ஒரு விறகு. பள்ளி வாசலில் அண்டா. முதல் நாள் ஐம்பத்தெட்டுப் பேர். மீதி நால்வரின் தாய்மார், நான் எத்தனை நாள் தாங்குகிறேன் என்று பார்க்கிறார்களாம்.

தணிக்கை என்றால் என்ன என்று இப்போது தெரிகிறது. ஒருத்தி பேசும் சாக்கில் என் வாயை முகர்கிறாள். ஒருத்தி எங்கள் கொல்லைப்புறத்தில் காப்பித் தூள் கொட்டிக் கிடக்கிறதா என்று பார்க்கிறாள். தங்கசாமிக்கு ஒரு நோட்டுதான். எனக்கு நாற்பத்தொரு நோட்டுகள்.

தலைவலி.

20-3-1947, வியாழன்

தலைவலி. அறுபத்திரண்டு பேர்.

22-3-1947, சனி

தங்கசாமி வந்தார். வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். மரிய புஷ்பத்தின் கடைசிப் பையன் குடித்துவிட்டு வெள்ளை மீசையோடு அவரையே முறைத்துக்கொண்டு நின்றான். அவனிடம் மட்டும், "போதுமாடா?" என்றார். "இன்னும்" என்றான்.

நோட்டில் 'திருப்தி' என்று எழுதினார். தாசில்தாருக்கான காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. கமிட்டி ஆள் அல்லவா.

கிளம்பும்போது, "எப்படிம்மா சம்மதிக்க வெச்சீங்க?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் மரிய புஷ்பம்: "டீச்சரம்மா எங்களுக்குக் கணக்குக் காட்டுறாங்க."

அவருக்குப் புரியவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை.

24-3-1947, திங்கள்

பாஸ்குவுக்கு இன்னும் பதின்மூன்று நாள்.

விடியற்காலையில் அம்மா காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "அதான் ஆபீசர் போயிட்டாருல்ல. கதவைச் சாத்திட்டேன். குடிடி."

நல்ல காப்பி. ஆவி பறந்தது.

அதைத் தொடாமல் அப்படியே வைத்துவிட்டு, ஆறரைக்கெல்லாம் பள்ளிக்குப் போய் அடுப்பு மூட்டினேன்.