சூசைதாசனுக்கு ஒரு துக்க இசை

6-8-64, வியாழன்

கச்சான் காற்று. வாய்க்குள்ளும் மணல். சூசைதாசனின் முப்பத்தோராம் நாள் நினைவு 16ஆம் திகதி, ஞாயிறு. அன்று அவருடைய பாண்ட் வாசிக்க நான் எழுத வேண்டியது:

1. தொடக்கம்: தாழ்ந்த வாத்தியங்கள் மட்டும். ட்ரம் வேண்டாம்.
2. மெட்டு: ஒத்திகைக்கு முன் அவர் யூஃபோனியத்தில் ஊதும் அந்தச் சின்ன மெட்டு. பிறகு எல்லோரும் சேர்ந்து ஊதுவார்கள்.
3. மெட்டு எங்கும் அறக்கூடாது. மூச்செடுப்பது கேட்கவே கூடாது. துக்கத்துக்கு இடைவெளி இல்லை.
4. முடிவு: இன்னும் தெரியவில்லை.

நான் கணக்கு வாத்தியார். வயலின் கொஞ்சம். பாண்டுக்கு எழுதியதே இல்லை. ஏன் ஒப்புக்கொண்டேன்?

7-8, வெள்ளி

இருமல் மருந்து வாங்கினேன். வழியில் சூசைதாசனின் மனைவி திரேசா.

"அழப்பண்ணுற பாட்டு வேண்டாம் மாஸ்டர். சனம் அழுது முடிஞ்சுது. அவர் இருக்கிற மாதிரி ஒண்டு எழுதுங்கோ. ஏலாதெண்டால் விடுங்கோ, நான் குறை நினைக்கமாட்டன்."

ஓம் என்றேன். வீடு வந்து எழுதியதில் பாதியைக் கிழித்தேன்.

இழுவைப் படகின் எஞ்சின் அறையில் வேலை செய்த மனிதர். இசைக்குறிப்பு வாசிக்கத் தானாகவே படித்தார். துறைமுகத்து ஆட்களைக் கூட்டி ஒரு பாண்டையே உண்டாக்கினார். நான் எத்தனையோ வருடம் படிப்பித்தேன். என்னிடம் எவரும் அப்படி விரும்பிப் படித்ததில்லை.

10-8, திங்கள்

முதல் ஒத்திகை. வேலை முடிந்து, கிரீஸ் கழுவி, நேரே வந்தார்கள். கிளாரினட் நசீர் கிண்ணியாவிலிருந்து பாதைப் படகில் துறை கடந்து வந்தார். தாளம் காட்ட என்னையே நிறுத்தினார்கள். வெட்கம்.

நடுப்பகுதியில் எல்லோருக்கும் மூச்சு முட்டியது. நசீர் கிளாரினட்டை மடியில் வைத்தார்.

"மாஸ்டர், உங்கட வயலினுக்கு நெஞ்சு இல்ல. எங்களுக்கு இருக்கு. இதை இப்படியே வாசிச்சா அடுத்த மௌத்து நான்தான்."

நானும் சிரித்தேன். ஆனால் இடைவெளி வைக்க மனம் வரவில்லை. கடைசியில் அவரே வழி சொன்னார்: ஆளுக்கொரு இடத்தில் மாறி மாறி மூச்செடுப்பது. ஒவ்வொருவர் தாளிலும் பென்சிலால் குறித்தேன். எவ்வளவு பொறுமையான மனிதர்கள்.

14-8, வெள்ளி

பல்வலி. கராம்பு வைத்தேன்.

கடைசி ஒத்திகை. மெட்டு ஓரிடத்திலும் அறவில்லை. பெருமையாக இருந்தது. வீடு வரும் வழியில் சந்தேகம். எல்லாம் சரி, இதில் சூசைதாசன் எங்கே? திரேசாவுக்கு என்ன சொல்வேன்?

16-8, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் முற்றம். திரேசா முன்வரிசைக் கதிரையில்.

தொடக்கம் சுத்தம். அவருடைய மெட்டு வந்தது. மூன்றாம் வரியில் பாண்ட் முழுவதும் ஒரே நேரத்தில் நிறுத்தி மூச்சை இழுத்தது. பென்சில் குறியை ஒருவரும் பார்க்கவில்லை. முற்றத்தில் அந்த மூச்சு மட்டும். என் கை அந்தரத்தில் நின்றது. பிறகு எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். எந்த ஒத்திகையிலும் அப்படி ஒரு ஒலி வரவில்லை.

முடிந்ததும் நசீர் வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த இடத்தில் சூசைதாசன் தோளை உயர்த்துவாராம். அவரோடு சேர்ந்து எல்லோரும் மூச்சிழுப்பார்களாம்.

"உடம்பு தானா நிண்டுட்டு மாஸ்டர்."

திரேசா எழுந்து வந்தார்.

"அவர் மூச்செடுத்தது கேட்டது. அந்த இடம் நீங்கள் வைச்சதோ?"

இல்லை என்றேன்.

6ஆம் திகதி எழுதிய மூன்றாவது குறிப்பு பிழை.