வண்டிக்குள் மிச்சமிருந்த சத்தம்

ஆவணி 5, செவ்வாய்

காலையிலிருந்தே மேல்காற்று. கொடியில் காயப்போட்ட சாக்கு இரண்டு தடவை தெருவுக்குப் போய்விட்டது. டிரெய்லரைக் கழுவினேன். பின்கதவின் உள்பக்கம் நான்கு இடத்தில் தகரம் குழிந்திருக்கிறது. எல்லாம் குளம்படி.

நேற்று வாசுதேவநல்லூர் கோயில் கொடைத் திருவிழா முடிந்து திரும்பும்போது குதிரை சம்பங்கி உதைத்த உதை. பின்னங்காலில் சாண் நீளத்துக்குத் தோல் உரிந்துவிட்டது. குதிரைக்காரன் அந்தோணி மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி வைத்திருக்கிறான். மதியம் வந்தவன் வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றான். அப்படி நின்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணாச்சி, இனி இந்த வண்டில அவள ஏத்த மாட்டேன்."

"ஏம்ல?"

"ஓட ஆரம்பிச்சா கடகடன்னு அடிக்குது. பிள்ள பயந்து சாகுதா."

"என்னல கடகட? வண்டி செஞ்சு ஒரு வருசம் ஆகல. நான்தான ஓட்டுதேன், எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஞாயிறு கடையநல்லூரில் மாப்பிள்ளை ஊர்வலம் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதுவரை பொறுப்பானாம். வண்டி சரியாகாவிட்டால் விடியும் முன்னே கிளம்பி நடத்தியே கூட்டிப் போவானாம். அதன்பிறகு புளியங்குடியில் அவன் மச்சானோடு சேர்ந்துகொள்வான். அங்கே லாரி இருக்கிறது.

குதிரை அவனுடையது. ஜீப்பும் டிரெய்லரும் என்னுடையவை. ஆறு தறியையும் விற்றுச் செய்த டிரெய்லர். சம்பங்கி ஏறாவிட்டால் அது தகரப் பெட்டி, நான் வீட்டில் உட்காரும் ஆள். ஐம்பத்தாறு வயதில் வீட்டில் உட்காருவதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. வேறு எங்கே எழுதுவது, இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நையாண்டி மேளத்துக்குப் பக்கத்தில் நின்று சாவகாசமாகப் புல் தின்கிற குதிரை அது. காலடியில் சரவெடி வெடித்தாலும் வாலை ஆட்டிவிட்டு நிற்கும். அதற்கு வண்டிச் சத்தம் பயமாம்! செல்லம் கொடுத்துக் கெடுத்துவைத்திருக்கிறான் என்பது என் கட்சி.

ஆவணி 6, புதன்

சோதனை ஓட்டம். குதிரை இல்லாமல், நான்கு மணல் மூட்டை ஏற்றி. நான் ஓட்ட, அந்தோணி உள்ளே நின்றான். ஸ்டேஷன் ரோடு, பிறகு ராஜபாளையம் ரோட்டில் வேகத்தடை எல்லாம் ஏறி இறங்கி ஒரு சுற்று. இறங்கியதும் விரல் மடக்கிச் சொன்னான், சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டேன்:

பின்கதவுக் கொண்டி
கதவுச் சங்கிலி, இரண்டு பக்கமும்
ஜன்னல் தகரம்
நடுக்கம்பியின் ஆணி
மட்கார்டு, இடது
நம்பர் பிளேட்
ஜாக்கி, ஸ்பேனர் வைத்த பெட்டி ("அதுதான் ரொம்ப மோசம் அண்ணாச்சி")
தரைப் பலகை, சக்கரத்துக்கு மேலே
ஜீப்பில் மாட்டும் கொக்கி

ஒன்பது. "வேற ஏதும் கதைகட்ட விட்டுப்போச்சா?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை அவன்.

"நீங்களே உள்ள நின்னு பாருங்க. நான் ஓட்டுதேன். இன்னொண்ணு, பின்னால பஸ்காரன் எத்தன நேரமா ஹாரன் அடிச்சான் தெரியுமா? வழியே விடல நீங்க."

எந்த பஸ்?

உள்ளே நின்றேன். அதே ரோடு, அதே வேகத்தடை. ஒரு 'ம்ம்ம்' மட்டும். தூரத்தில் மாவு மில் ஓடுவதுபோல. கடகட எங்கே? பொய் சொல்கிறான் என்று முழுதாக நம்பினேன். வளைவில் தடுமாறிச் சுவரைப் பிடித்தேன். உள்ளங்கையில் வந்து அடித்தது. தகரம் துடிக்கிறது. கொண்டிமேல் கை வைத்தேன், குதிக்கிறது. சங்கிலி கதவில் அடித்த அடியில் மணிக்கட்டு வரை அதிர்ந்தது. கண்ணெதிரே சங்கிலி இரும்பில் மோதுகிறது. காதில் ஒன்றும் இல்லை.

கையை எடுத்தேன், அமைதி. வைத்தேன், கடகட.

முப்பது வருஷம் தறிக்குடோனில் நின்ற காது. போகிறது என்று தெரியும். இவ்வளவு போய்விட்டது என்று தெரியாது.

அந்தோணியிடம், "ஆமா, கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யுது" என்றேன். 'கொஞ்சம்'. இதற்கெல்லாம் நாக்கு கூசுவதில்லை.

சாவியை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டான். முதுகு வலி என்றேன்.

ஆவணி 7, வியாழன்

வெயில். காற்று குறையவில்லை.

தறி ஓடும்போது எதுவும் காதால் கண்டுபிடிப்பதில்லை. அத்தனை தறி இரைச்சலில் எந்தக் காது வேலை செய்யும்? சட்டத்தில் கை வைத்தால் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். அந்தக் கை இன்னும் இருக்கிறது. காலையிலிருந்து அந்தோணி டிரெய்லரைப் பிடித்து ஆட்டினான், நான் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனேன். அவன் சொன்ன ஒன்பதோடு இன்னும் மூன்று அகப்பட்டது. அவன் வாயைப் பிளந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

செய்தவை: சங்கிலிக்குப் பழைய தண்ணீர்க் குழாயை வெட்டிச் சட்டை. ஜன்னல் தகர விளிம்பில் சைக்கிள் டியூப். நடுக்கம்பி ஆணிக்கு ரப்பர் வாஷர். பெட்டியைக் கழற்றி ஜீப்பில் போட்டாயிற்று, ஜாக்கியைக் கோணியில் சுற்றி. மட்கார்டு வெல்டிங் பட்டறையில், அரை மணி வேலைக்கு மூன்று மணி காத்திருப்பு. கொண்டிதான் அடங்கவில்லை. எதை வைத்தாலும் நசுங்கிவிடுகிறது.

பரண்மேல் தறிச் சாமான் ஒரு மூட்டை, யாரும் வாங்காதது. அதில், ஊடைநூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாக்கட்டை வந்து மோதும் இடத்தில் வைக்கும் தோல்பட்டைகள். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் அடி வாங்கும் தோல். இரண்டை மடித்துக் கொண்டிக்குள் திணித்தேன். கல் மாதிரி நின்றுவிட்டது.

வீட்டுக்காரி கோமதி கீழேயிருந்து ஏதோ கேட்டாள். "சரி" என்றேன். என்னத்துக்குச் சரி என்றேனோ.

சாயங்காலம் சம்பங்கியைக் கொண்டுவந்தான். முன்னங்கால் இரண்டும் பலகையில், பின்னங்கால் மண்ணில். அதற்குமேல் நகரவில்லை. அவன் கருப்பட்டியைக் காட்டி இழுத்தான். நான் பின்னால் நின்று, "ஏறும்மா, ஒண்ணுமில்ல, ஏறு தாயி" என்று சமாதானம் சொன்னேன். அப்படியே பின்வாங்கி இறங்கிவிட்டது. கட்டாயப்படுத்த வேண்டாம், நாளைக்குப் பார்ப்போம் என்றான். நாளைக்கு, நாளைக்கு என்றால் ஞாயிறு வந்துவிடுமே.

ஆவணி 8, வெள்ளி

சாரல். தரைப் பலகைக்கு அடியில் பழைய டயர்த் துண்டு, மேலே மாட்டுத் தொழுவத்துக்குப் போடும் ரப்பர் பாய். கொக்கிக்கு கிரீஸ். இடுப்பு பிடித்துக்கொண்டது. முதுகு வலி என்று பொய் சொன்னதற்குக் கைமேல் பலன்.

கடையநல்லூர் மாப்பிள்ளையின் மாமா போன் செய்தார். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. "வீட்ல தாரேன்" என்று கோமதியிடம் நீட்டினேன். அவள் பேசிவிட்டுச் சொன்னாள்: "மாப்பிள துபாய்ல இருந்து முந்தாநாள்தான் வந்தாராம். அஸர் தொழுகை முடிஞ்சு ஊர்வலமாம். நாலு மணிக்கு முன்ன வந்துரச் சொல்லுதாவ." எதிரில் நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னதால் முழுதும் புரிந்தது.

இவளுக்கு என் காது விஷயம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று இருக்கிறாள் போல. நல்லவள்.

ஆவணி 9, சனி

மனசே சரியில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பது மணி. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தோணி சம்பங்கியை ஏற்றிவிட்டான். ஒரே தடவையில் ஏறிவிட்டதாம். வந்து பார்த்தால் உள்ளே நிற்கிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் ஓட்டினான், நான் உள்ளே, தலைமாட்டில், ஒரு கை சுவரில். புளியங்குடி ரோடு. கையில் எந்தத் துடிப்பும் இல்லை. பன்னிரண்டும் அடங்கிவிட்டன.

ஆனாலும் சம்பங்கிக்கு வியர்த்தது. காது இரண்டும் பின்னால் மடிந்து, கண் வெள்ளை தெரிய. ஒவ்வொரு காதாகத் திருப்பி எதையோ தேடுகிறது. அது திருப்பிய பக்கமெல்லாம் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, நான் இருக்கேம்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல அதிகமானது. பின்காலைத் தூக்கி ஒரு உதை.

அந்தோணி ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து, சம்பங்கியின் மூக்கைத் தடவிக்கொடுத்தான். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து:

"அண்ணாச்சி, கோவப்படக் கூடாது."

"சொல்லுல."

"வண்டில இப்பம் ஒரே ஒரு சத்தம்தான் மிச்சம் இருக்கு. நீங்கதான்."

"நான் என்னல செஞ்சேன்? மெதுவாத்தான பேசிக்கிட்டு வந்தேன்."

"மெதுவாவா? கண்ணாடிய ஏத்திட்டு ஜீப்புக்குள்ள இருக்கேன், ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது எனக்கு. தகரப் பெட்டிக்குள்ள, அவ காதுகிட்ட நின்னு கத்துதிய. ஊர்வலத்துல மேளம் அடிச்சா அவளுக்கு என்ன அடிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும், விலகிக்க இடம் இருக்கும். இங்கன எங்க போவா?"

"கத்துதேனா? எப்பம்ல கத்துனேன்?"

சம்பங்கி பதில் சொன்னது. நான் 'எப்பம்ல' என்றபோது அது தலையைத் தூக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டது. இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். வியாழக்கிழமை பலகையில் பாதி ஏறி இறங்கியதும் என் சமாதானத்தைக் கேட்டுத்தான்.

கோபம் வந்தது. உண்மையைச் சொன்னவன்மேல் வருகிற கோபம், அதற்கு மருந்து கிடையாது. இறங்கிப் போய்ப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். எலுமிச்சை மூட்டை ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, ஊமைப் படம் மாதிரி. தறிக்குடோனில் எல்லாரும் இப்படித்தான் பேசுவோம். அங்கே அதற்குப் பேர் கத்தல் இல்லை, பேச்சு.

திரும்பி வந்து, "எனக்குக் காது கேக்கலடா அந்தோணி" என்றேன். முதல் தடவையாக ஒரு ஆளிடம். சத்தமாகச் சொன்னேனா மெதுவாகச் சொன்னேனா தெரியவில்லை.

"தெரியும் அண்ணாச்சி, புதன்கிழமையே தெரியும்" என்றான்.

ஆவணி 10, ஞாயிறு

ராத்திரி எட்டு மணிக்கே வீடு வந்தாயிற்று. உடனே எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். நானே உள்ளே நிற்கிறேன் என்றேன். அந்தோணி யோசித்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறை. திறக்கவில்லை. ஒரு கை சுவரில், ஒரு கை சம்பங்கியின் தாடையில். பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை! பெரிய பள்ளம் ஒன்றில் வண்டி தூக்கிப் போட்டது, 'ஒண்ணுமில்ல' தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

புளியங்குடி மார்க்கெட் தாண்டுகிறவரை உடம்பு விறைப்பாகத்தான் இருந்தது. அதன்பிறகு தலை மெல்ல இறங்கியது. கட்டியிருந்த புல்லில் ஒரு வாய் இழுத்தது. என் கைக்குள் தாடை அசைந்தது. மெல்லுகிறது! ஓடும் வண்டியில் மெல்லுகிறது! பயந்த மிருகம் மெல்லாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கடையநல்லூர் வரை கையை எடுக்கவில்லை.

ஊர்வலம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை பயத்தில் பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வெடிக்கு அவர்தான் துள்ளினார், குதிரை துள்ளவில்லை. மாமா வந்து, "மாஷா அல்லா, என்ன பொறுமையான குதிரை" என்றார். முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். பிரியாணி. சம்பங்கிக்கு ஒரு கூடை கேரட், மாப்பிள்ளை வீட்டார் செலவு.

திரும்பும்போதும் உதையில்லை. இறக்கிக் கட்டியபின் அந்தோணி, "அடுத்த வெள்ளி ராஜபாளையம். மச்சான்கிட்ட வரலன்னு சொல்லிட்டேன்" என்றான். வண்டிச் சாவி இனி அவனிடமே. உள்ளே நிற்பது என் வேலை.

ஆவணி 11, திங்கள்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். பின்கதவுக் குழிவுகளைத் தட்டி நேராக்க வேண்டும். காது டாக்டர் வியாழன்தோறும் வருகிறாராம், விசாரித்தேன்.

கோமதி அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று, எனக்கே கேட்காத அளவுக்குக் குரலை இறக்கி, "ஏட்டி, நான் எப்பவும் சத்தமாத்தான் பேசுதேனா?" என்று கேட்டேன்.

தோசைக்கரண்டி நின்றது. திரும்பாமலே ஏதோ சொன்னாள். என் காதுக்கு வரவில்லை. 'ம்' போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன், மற்ற நாளாக இருந்தால். பக்கத்தில் போனேன்.

"கேக்கல கோமதி. ரொம்ப நாளா எனக்குச் சரியாக் காது கேக்காது. என்னையப் பாத்துச் சொல்லு."

அடுப்பை அணைத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியும் என்று நான் நினைத்தது தப்பு. அவளுக்குத் தெரியாது.

"காதா?" என்றாள். "கூப்பிட்டாத் திரும்ப மாட்டிய. பேசுனாக் கத்துவிய. இத்தன வருசமும் என்மேல கோவம்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."