ர-வில் தொடங்கும் பாட்டுகள்

ஹமாமத்சு, ஜப்பான்
19 மே 2024

அன்புள்ள ரஞ்சு,

போன் பண்ணாதே என்றாய், பண்ணவில்லை. கடிதம் எழுதாதே என்று சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழி.

எங்கள் கம்பெனி விடுதிக்குப் பின்னால் ஒரு சின்ன டீக்கடை. நடத்துவது எழுபது வயது அம்மாள் ஒருத்தர். அங்கே பழைய பாட்டு மெஷின் ஒன்று இருக்கிறது. மியூசிக் மட்டும் வரும், பாட்டை நாம் மைக்கில் பாட வேண்டும். பாட்டுப் புத்தகம் அந்தக் கால டெலிபோன் டைரக்டரி தடிமன். பாட்டின் பேர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். கம்பெனி வகுப்பில் கற்ற அரைகுறை எழுத்தை வைத்துக்கொண்டு நான் முதலில் தேடியது எது என்று நினைக்கிறாய்? 'ர'.

மற்ற எழுத்துகளுக்குப் பத்துப் பக்கம், இருபது பக்கம். உனக்கு அரைப் பக்கம்தான். இந்த எழுத்தில் அவர்களுடைய பழைய சொற்களே கிடையாதாம், அநேகமாக எல்லாம் வெளியிலிருந்து வந்து தங்கிவிட்டவையாம். அம்மாள் சொன்னார்.

இன்று முதல் பாட்டைப் பாடினேன். ரேடியோ பற்றியது. கடைப் பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

ஒரு வேண்டுகோள், ரஞ்சு. ரோஹிணி அக்கா உன் விவாகரத்துக்கு வக்கீல் பார்த்து வைத்திருப்பது தெரியும். இந்த அரைப் பக்கத்தை ஞாயிறுக்கு ஒரு பாட்டாகப் பாடி, ஒவ்வொன்றையும் உனக்கு ஒரு அட்டையில் எழுதிப் போடுகிறேன். அது முடியும்வரை அந்த வக்கீலிடம் போகாதே. முடிந்த பிறகு நீ சொல்வதுதான்.

அஷ்வத்


பவானிபூர், கொல்கத்தா
8 ஜூன் 2024

அஷ்வத்துக்கு,

'அன்புள்ள' எங்கே என்று தேடாதே, போடவில்லை.

மூன்று அட்டை வந்தது. கிழிக்கவில்லை. கீழ்வீட்டு மாஷிமாதான் தபால்காரரிடம் வாங்கி வைக்கிறாள். "தோமார் பர் கீ லிகேச்சே?" என்று தினமும் கேட்கிறாள். உன் புருஷன் என்ன எழுதியிருக்கிறான் என்று. ரேடியோவைப் பற்றி எழுதியிருக்கிறான் என்றால் நம்பவா போகிறாள்?

எனக்கு எதில் கோபம் என்று உனக்கு இன்னும் புரிந்ததாகத் தெரியவில்லை. நீ ஜப்பான் போனதில் இல்லை. போகலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே பெட்டி கட்டித் தந்திருப்பேன். போன வருஷம், ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்கு ரெண்டு நாள் கழித்து, நான் பாங்க்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "ஏப்ரலில் கிளம்பறேன்" என்றாயே, அதில்தான். என்னை என்ன பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்தாயா? பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட சாவி கொடுக்கும்போது ஊருக்குப் போவதைச் சொல்வார்கள்.

சரி. பட்டியல் முடியட்டும், அதுவரை வக்கீலிடம் போகவில்லை. ஆனால் மொத்தம் எத்தனை பாட்டு? அதைச் சொல்.

ர-வில் எல்லாரும் வந்து தங்கியவர்கள் என்று உன் டீக்கடை அம்மாள் சொன்னாராக்கும். என் கொள்ளுத் தாத்தா இந்த ஊருக்கு வந்து நூறு வருஷமாகிறது. இன்னும் என்னை "மத்ராஸி" என்றுதான் மார்க்கெட்டில் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஏற்ற எழுத்துதான்.

மாஷிமாவின் மீன் வாளி இன்னும் இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே இருக்கிறது. மாகுர் மீனை உயிரோடு வைத்தால்தான் ருசியாம். நீ ரெண்டு தடவை அதில் காலை விட்டுவிட்டு, சைவ வீட்டுப் பிள்ளை இப்படி ஆகிவிட்டேனே என்று குளியலறைக்கு ஓடினாயே! நேற்று நினைத்துச் சிரித்தேன். சிரித்ததற்கு அர்த்தம் எதுவும் எடுத்துக்கொள்ளாதே.

ரஞ்சனா


ஹமாமத்சு
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரஞ்சு,

எத்தனை என்று கேட்டிருந்தாய். எண்ணவில்லை. எண்ணினால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

இந்த வாரப் பாட்டின் பேர் 'ரை' என்று தொடங்குகிறது. அடுத்த வருஷம் என்று அர்த்தம். ஒருத்தன் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் கடலைக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சொல்கிறான். கடைசி வரியில் அவன் தனியாகக் கடலுக்குப் போகிறான். அம்மாள் வரி வரியாக அர்த்தம் சொன்னார். நான் இரண்டாவது சரணத்தோடு நிறுத்திவிட்டேன். மைக்கை வாங்கி அவரே பாடி முடித்தார்.

நாமும் பூரி போகலாம் என்று ஆறு வருஷம் சொன்னோம். ராத்திரி ரயிலில் ஏறினால் காலையில் கடல். ஆறு வருஷம்!

இங்கே சாப்பாடு பரவாயில்லை. மோர் இல்லை. நீ இல்லை. வேறு குறை ஒன்றும் இல்லை.

உன்
அஷ்வத்


பவானிபூர்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அஷ்வத்,

'அன்புள்ள' போட்டுவிட்டேன். துர்கா பூஜோ மாசம், யாரையும் திட்டக்கூடாது.

அஷ்டமியன்று அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு நான் மட்டும் பந்தல் பார்க்கப் போனேன். கூட்டம் தள்ளிய தள்ளலில் வழக்கம்போல வலது கையைப் பின்னால் நீட்டினேன், நீ பிடித்துக்கொள்வாய் என்று. யாரோ ஒரு பெண்மணி பிடித்துக்கொண்டாள். அவளும் தன் வீட்டுக்காரர் என்று நினைத்திருப்பாள் போல. ரெண்டு பேரும் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்தோம். அப்புறம் எனக்குப் பந்தலே பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ரோஹிணி அக்கா பாலிகஞ்சிலிருந்து வந்தாள், கையில் வக்கீல் எழுதிய காகிதத்தோடு. "பாட்டு லிஸ்ட் முடியட்டும்னு உக்காந்திருக்கியே, உனக்கென்ன பைத்தியமா?" என்றாள். காகிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

உன் அட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன். ரேடியோ, சோடா, ஆர்க்கிட் பூ, இடி, அடுத்த வருஷம்... எந்தப் பாட்டின் மெட்டும் தெரியாது. ஆனாலும் சமைக்கும்போது ஏதோ ஒன்றை முனகுகிறேன்.

எனக்கு இப்படித் தொங்கிக்கொண்டிருக்க முடியவில்லை, அஷ்வத். பட்டியல் முடிந்துவிட்டதா? உண்மையைச் சொல்.

ரஞ்சனா


ஹமாமத்சு
8 டிசம்பர் 2024

அன்புள்ள ரஞ்சு,

இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

போன வாரம் விளக்கு விற்பவனின் பாட்டு. ஊர் முழுக்க விளக்கு விற்றுவிட்டுத் தன் தெரு முனையில் வந்து நிற்கிறான். வீட்டு ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது. நான் இல்லாமலே எரிகிறதே என்று திரும்பிப் போய்விடுகிறான்.

இந்த வாரம் கைப்பிடிச் சுவரைப் பற்றி. ஒரு துறைமுக ஊர். கப்பலிலிருந்து இறங்கியவன் தன் வீட்டுப் படியில் ஏறுகிறான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு வாளி, அதற்குள் ஏதோ மீன் அசைகிறது. அதைத் தாண்டினால் அவன் கதவு. உள்ளே அவள் பாத்திரம் கழுவும் சத்தம். மணியடிக்கக் கை போகிறது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அங்கேயே நிற்கிறான். பாட்டு அதோடு முடிகிறது.

அம்மாளுக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்.

அஷ்வத்


ஹமாமத்சு
2 பிப்ரவரி 2025

அன்புள்ள ரஞ்சு,

டிசம்பர் கடிதத்துக்குப் பதில் இல்லை. அப்புறம் போட்ட அட்டைகளுக்கும் இல்லை. அக்கா கொடுத்த காகிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டாயோ என்று தினமும் நினைக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ர-வில் மொத்தம் பத்தொன்பது பாட்டு. முதல் நாளே எண்ணிவிட்டேன். கடைசிப் பாட்டைச் செப்டம்பர் 22-ஆம் தேதி பாடினேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதியதெல்லாம் நானே கட்டியது. விளக்கு விற்பவனும் இல்லை, கைப்பிடியும் இல்லை. அம்மாளுக்குப் பிடிக்கும் என்றதும் பொய். பட்டியல் முடிந்தால் நீ ஒரு முடிவு சொல்ல வேண்டும், அது என்னவாக இருக்குமோ என்று பயந்தேன். அவ்வளவுதான்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லிக் கம்பெனி கேட்கிறது. இம்மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மார்ச் 31-ஓடு வேலை முடிந்தது. நான் போடவில்லை. பேனாவையே எடுக்கவில்லை.

முதல் தடவை கேட்காமல் போட்டேன். தப்பு, ரஞ்சு. பெரிய தப்பு. இந்தத் தடவை கேட்கிறேன். போடட்டுமா, வேண்டாமா?

அஷ்வத்


பவானிபூர்
14 பிப்ரவரி 2025

அட மக்கு அஷ்வத்,

மாஷிமாவின் மீன் வாளி எப்போது ஜப்பானுக்குப் போனது?

டிசம்பரில் அந்தக் கடிதத்தை அந்த வாளிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். துறைமுக ஊராம், கப்பலாம்! மீன் என்னைப் பார்க்கிறது, நான் மீனைப் பார்க்கிறேன். பொய்க்காரன், இதிலும் ஏமாற்றிவிட்டான் என்று வந்த ஆத்திரத்தில் மேலே ஏறிப்போய் அரிசி டப்பாவை நகர்த்தி அக்காவின் காகிதத்தை எடுத்துவிட்டேன். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்புறம் மேஜையில் உட்கார்ந்து, அட்டைகளையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். பூஜோ சமயத்திலிருந்து வந்த ஒவ்வொரு பாட்டிலும் ஒருத்தன் வீடு வரைக்கும் வருகிறான். ஒருத்தனும் கதவைத் தட்டவில்லை. படித்துவிட்டு அழுதேன், போ. நன்றாக அழுதேன். பேனாவை மூடிவிட்டேன்.

ஆனால் பதில் எழுதவில்லை. நான் பிடித்துவிட்டேன் என்று சொன்னால் நீ மன்னிப்புக் கேட்பாய். நீயாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். ரெண்டு மாசம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மாஷிமா "அட்டை வந்திருக்கு" என்று கூப்பிடும்போதெல்லாம் படியில் ஓடி இறங்கினேன், அது உனக்குத் தெரிய வேண்டாம்.

நேற்று உன் கடிதம் வந்தது. 'போடட்டுமா, வேண்டாமா' என்ற இடத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ரெண்டு வருஷமாக நான் கேட்டது இந்த ஒரு வரியைத்தான்.

போடாதே.

படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. மடித்து வாளிக்கு அடியில் வைத்துவிட்டேன், வாளி ஆடிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் வெயில் ஆரம்பித்துவிடும், தொப்பி கொண்டு வா. வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வராதே. உன்னோடு எனக்கு ரெண்டு வருஷச் சண்டை இருக்கிறது, ஒவ்வொன்றாகப் போடுவேன். அந்தப் பத்தொன்பது பாட்டையும் நீ பாடிக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு நாள் பூரி.

மணி ரிப்பேர், நான் சரிபண்ணவில்லை. திருப்பத்தில் பார்த்துக் காலை வை. கதவைக் கையால் தட்டு. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்காதே, பேரைச் சொன்னால் போதும்.

இதற்குப் பதில் எழுதாதே. கடிதமோ அட்டையோ இனிமேல் எது வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

உன்
ரஞ்சு